திருநாவுக்கரசு சுவாமிகளும் கடந்துபோன அச்சமும்

பேரிடரில் அகப்பட்டு மயிரிழையிலே உயிர் தப்பினோர் பலர், இடர் நீங்கிய பின்னரும் அதனைவிட்டு நீங்கார். ஒரு கணம் பிந்தியிருந்தால் யாதாகியிருக்கும், அவ்வழியே சென்றிருந்தால் என்னாகியிருப்போம் என்று, நிகழாதனவற்றை நினைந்து நினைந்து அஞ்சுவர். உடம்பு கரையேறியும் உள்ளம் கரையேறாத இந்நிலையை, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் திகதி நிகழ்ந்த கடல்கோளிலே தப்பிய நம் நாட்டவர் பலரிடத்தே கண்டோம். இதற்கு மருந்து தேடுவார்க்குத் திருநாவுக்கரசு சுவாமிகளின் சரித்திரம் பெருந்துணையாகும்.

சுவாமிகள் 7ஆம் நூற்றாண்டிலே, திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய் அவதரித்தார். மருணீக்கியார் என்பது பிள்ளைத் திருநாமம். இளமையிலே பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரால் வளர்க்கப்பட்டார். பின்னர்ச் சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். கொடிய சூலைநோய் வருத்தவே தமக்கையாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்துப் பெருமானைப் பாடி, நோய் நீங்கிச் சைவரானார்.

அதனைப் பொறாதார் பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். சுவாமிகளை ஏழுநாள் நீற்றறையிலே அடைத்தமையும், நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டியமையும், மதயானையை ஏவியமையும், ஈற்றிலே கல்லோடு பிணித்துக் கடலில் இட்டமையும் பெரியபுராணத்துள் விரித்துரைக்கப்படும். நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய அளவிலே கல் மிதந்து, சுவாமிகளைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே சேர்த்தது.

கரையேறிய சுவாமிகள் செய்தது யாது? கல் மிதவாதிருந்தால் என்று கடலைத் திரும்பி நோக்கி நின்றாரல்லர். திருப்பாதிரிப்புலியூர்ப் பெருமானை வணங்கிப் பாடி, திருமாணிகுழியும் திருத்தினைநகரும் பணிந்து, திருவதிகைக்கு மீண்டருளினார். பின்னரும் தலந்தோறுஞ் சென்று, கையில் உழவாரத்தோடு திருக்கோயில் வீதிகளிலே புல்லைச் செதுக்கினார். வாய் பாட, கை தொண்டு செய்ய, நெஞ்சு திருவடியை நினைக்க, நடவாத தீங்குக்கு அங்கே இடம் ஏது?

ஆயின் அச்சம் என்பது அவர்பால் ஒருபோதும் எழுந்ததில்லையோ எனின், எழுந்தது; தம்பொருட்டன்று. திருஞானசம்பந்த சுவாமிகளோடு திருமறைக்காட்டில் இருந்த காலத்தே, மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த தூதர் வந்து, பிள்ளையாரை மதுரைக்கு அழைத்தனர். பிள்ளையார் புறப்படத் துணிந்தபோது, தாம் முன்பு பட்ட துன்பங்களை எண்ணிய அரசர், பகைவரின் வஞ்சனைக்கு எல்லையில்லை என்றும் நாளும் கோளும் நன்றாயில்லை என்றும் கூறித் தடுத்தார். தமக்கு நேர்ந்தபோது கலங்காத உள்ளம், அன்புக்குரிய பிள்ளைக்கு அதுவே நேர்ந்தால் என்று கலங்கிற்று. பெற்றோர் யாவரும் இதனை அறிவர். பிள்ளையார் கோளறு திருப்பதிகம் அருளினார். அதனைக் கேட்ட அரசர் தம் தடையை விட்டார். தாமே முன்செல்லவும் எழுந்தார். அவரைச் சோழநாட்டிலே இருக்குமாறு வேண்டிப் பிள்ளையார் தாம் மாத்திரம் சென்றருளினார்.

அரசர் அஞ்சியது வீண் அச்சமுமன்று. மதுரையிலே பிள்ளையார் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அத்தீங்கும் இறைவன் அருளால் விலகிற்று. பிற்காலத்துத் திருப்பூந்துருத்தியிலே, பிள்ளையாரின் சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய் அரசர் வந்து கூடினார். பாண்டிநாட்டில் நிகழ்ந்தவற்றைப் பிள்ளையார் சொல்லக் கேட்டு மகிழ்ந்தார். அவ்வாறன்றி வேறாய் முடிந்திருந்தால் என்று நடுங்கினாரல்லர். அந்நாட்டைத் தாமும் காண விரும்பி, மதுரைக்குச் சென்று திருவாலவாய்ப் பெருமானை வழிபட்டார். எவ்வூருக்குப் பிள்ளையாரை விட அஞ்சினாரோ, அவ்வூருக்கே தாம் உவந்து நடந்தார்.

இவ்வாறு 81 ஆண்டு வாழ்ந்து, திருப்புகலூரிலே சித்திரைச் சதயத்தில் சிவபதம் அடைந்தார் என்பது மரபு.

அன்பர்களே, அச்சம் எழுதல் குற்றமன்று; அன்புடையார்க்கு அது எழவே செய்யும். எழுந்த அச்சத்தைத் திருவடியிலே வைத்துவிட்டு, அடுத்த பணிக்குக் கை நீட்டுதலே நாம் கற்கற்பாலது. நிகழாத தீங்கை நாள்தோறும் நினைந்து துன்புறுதல், இறைவன் தடுத்த இடரை நாமே நமக்கு இழைத்துக்கொள்ளுதல் போலாம். மீண்ட உயிர் அருளால் மீண்டது. அது தொண்டுக்கு ஆகுக.

திருச்சிற்றம்பலம்.