பலூன் விற்றவர் டயர் செய்த கதை

 

வாழ்க்கை வரலாறு பகுதிக்கு யார் யாரைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று தமிழ் ஐயா கேட்டதும், காந்தி, காமராசர், அப்துல் கலாம் எல்லோரையும் முதல் பெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சினது டயர்தான்! சிரிக்காதீங்க. எங்கள் அப்பா லாரி டயருக்கு ரீசோல் போடும் கடை வைத்திருக்கிறார். அதனால் நான் எடுத்துக்கொண்டவர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கம்பெனியை உங்களுக்குத் தெரியும். சச்சின் மட்டையிலும் பிறகு விராட் கோலி மட்டையிலும் இருந்த மூன்று எழுத்து, எம்.ஆர்.எஃப். அதன் விரிவு மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. நம்ம ஊர்க் கம்பெனிதான்.

அவர் பிறந்தது 1922 நவம்பர் 28, கேரளத்தில். அப்பா மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். வசதியான குடும்பம். ஆனால் 1938-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு ஏற்பட்ட மோதலில் பத்திரிகைக்குப் பூட்டு விழுந்தது, குடும்பத்தின் வங்கி மூழ்கியது, அப்பா சிறைக்குப் போனார். பையனுக்கு அப்போது வயது 16 கூட நிரம்பவில்லை. நம்ம பதினொன்றாம் வகுப்பு வயசு! அதற்குப் பிறகுதான் அவர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தார்.

1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. மனைவி குஞ்ஞம்மாவும் கூடவே வேலை செய்தார். செய்த பலூனை மூட்டையில் போட்டுக்கொண்டு அவரே சென்னைத் தெருக்களில் கடை கடையாக விற்றார். பத்திரிகை ஆசிரியர் வீட்டுப் பிள்ளை பலூன் மூட்டையோடு தெருவில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பலூன் விற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

பலூனிலிருந்து டயருக்கு அவர் ஒரே தாவலாகத் தாவவில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான், ஏன்னா அது எங்கள் கடை சமாச்சாரம். தேய்ந்த டயருக்கு ரீசோல் போடும் ஒரு பட்டறைக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ரப்பர் பட்டை சப்ளை செய்வதை அவர் கவனித்தார். இதை நாமே செய்தால் என்ன என்று 1952-இல் இறங்கினார். 

ரீசோல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: லாரி டயரில் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டாலும், உள்ளே இருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கும். மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, அச்சில் வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். புது டயர் விலையில் பாதிகூட ஆகாது. கையில் காசு இல்லாத லாரிக்காரருக்கு அது பெரிய விஷயம். 1956-க்குள் இந்த ரப்பர் வியாபாரத்தில் சுமார் பாதி மாம்மன் மாப்பிள்ளை கைக்கு வந்துவிட்டது. எதிரே நின்றவர்கள் எல்லாம் பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள்.

1961-இல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் டயரே செய்ய ஆரம்பித்தார். அங்கேதான் அடி விழுந்தது. அமெரிக்கச் சாலைக்கு ஏற்ற பக்குவம் நம்ம சாலைக்கு ஒத்துவரவில்லை. நம்ம வெயில், நம்ம பள்ளம், அளவுக்கு மீறி ஏற்றும் பாரம் இதையெல்லாம் தாங்கணுமே! கேலி பேசவும் ஆட்கள் இருந்தார்கள். அவர் கடையை மூடவில்லை. நம்ம சாலைக்கு எந்த ரப்பர் சரி என்று ஆராய்ச்சி செய்து மாற்றிக்கொண்டே வந்தார். 1967-இல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி ஆனது. 1973-இல் நைலான் டயர். டயரைத் தூக்கிப் பிடித்திருக்கும் பயில்வான் பொம்மையும் 1960-களில் வந்ததுதான். லாரி டிரைவர்களிடம் பேசிப் பார்த்த பிறகு, விளம்பரக்காரர் அலிக் பதம்ஸி அதை உருவாக்கினார். 1992-இல் பத்மஸ்ரீ. 2003 மார்ச் 3-ஆம் தேதி சென்னையில் காலமானார். நம்மில் பல பேர் அப்போது பிறக்கவே இல்லை.

அவர் காலத்திலேயே கம்பெனி கார் பந்தயத்துக்குள்ளும் வந்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. பல வருஷம் அங்கேதான் பந்தயம் நடந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலையே வந்தது. 2022-இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டம் வென்ற ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யரேனா ஓட்டியதும் எம்.ஆர்.எஃப். டயரில்தான். பலூன் கொட்டகை எங்கே, ஐரோப்பா எங்கே!

இப்போது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் சில நாட்களில் பணம் கட்டிவிட்டு நம்ம சொந்த வண்டியையே பந்தயச் சாலையில் ஓட்டலாம். எங்கள் பெரியப்பா பையன் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ தன் பழைய ஸ்விஃப்ட் காரை அங்கே கொண்டுபோவார். சம்பளம் குறைச்சல். நாலு டயரும் தேய்ந்துவிட்டது. சித்தப்பா, உங்க கடையிலேயே ரீசோல் போட்டுக் கொடுத்துடுங்களேன் என்று கேட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று அப்பா சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணனுக்குக் கோபம். மாம்மன் மாப்பிள்ளையே அப்படித்தானே சம்பாதித்தார் என்று நான் வேறு எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா விளக்கினார். லாரிக்காரரே முன் சக்கரத்துக்கு முடிந்தவரை புது டயரைப் போட்டுவிட்டு, ரீசோலைப் பின்னாடிதான் போடுவார். பந்தயச் சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அழுத்திப் பிரேக் அடிக்கணும். டயர் கொதிக்கும், உள்ளே காற்றழுத்தமும் ஏறும். அந்தச் சூட்டில் ஒட்டின பட்டை பிரிந்தால் வண்டி யார் பேச்சையும் கேட்காது. நம்ம ஊர்ப் பெரிய தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். காரை நிறுத்துவது ரோட்டைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர்தான், ஆளுக்கு ஓர் உள்ளங்கை வீதம் நாலு சக்கரத்துக்கு நாலு.

அப்படியென்றால் பந்தயத்துக்கென்றே விற்கும் ஒட்டு டயர் வாங்கணுமா? அதுவும் வேண்டாமாம். விலை அதிகம். வருஷத்துக்கு இரண்டு நாள் ஓட்டுகிறவரிடம் அது தேய்வதற்கு முன்னால் வயசாகி இறுகிவிடும். கம்பெனி சொன்ன அளவிலேயே, நல்ல புது சாதாரண டயர் போதும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்க்க வேண்டும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும், ஹெச் என்றால் 210, வி என்றால் 240. 

அண்ணனுக்குப் பெரிய அலாய் வீல் மேல் ஆசை. வீல் பெரிதானால் டயர் விலையும் ஏறும், போகிற வேகம் ஒன்றும் கூடாது என்பது அப்பா கட்சி. அலாய் மாட்டுகிறவர்கள் கழற்றிப்போடும் இரும்பு டிஸ்க் சென்னை புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும். அதில் ஒரு செட் வாங்கிப் பந்தய நாளுக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் போல்ட் ஓட்டை ஒத்துப்போகணும். அவர் வண்டிக்கு நாலு ஓட்டை, ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு 100 மில்லிமீட்டர். நெளிவும் கீறலும் இல்லையா என்று சுழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

கடைசியில் அண்ணன் அந்தத் தடவை போகவில்லை. மூன்று மாதம் காசு சேர்த்து நாலு புது டயர் போட்டுக்கொண்டுதான் போனார். டிஸ்க் பழசேதான். ஓட்டி முடித்ததும் டயரைத் தொட்டுப் பார்த்தாராம், கை வைக்க முடியவில்லையாம். அப்பாவுக்கு போன் பண்ணி அதைச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நாலு நம்பர் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். போன வாரம் நம்ம பள்ளி வண்டி நிறுத்தத்தில் எல்லா பைக்கையும் குனிந்து பார்த்துவிட்டேன். இரண்டு வண்டிக்கு டயர் எட்டு வருஷம் தாண்டிவிட்டது. யாருடைய வண்டி என்று இங்கே எழுத மாட்டேன். அதில் ஒருவர்தான் எனக்குக் கணக்குப் பேப்பர் திருத்துகிறார்.