கைதட்டிய கைகளே கல்லெறிந்தன

கால்பந்து வீரர் ஒருவரின் மணமுறிவும் மதுப்பழக்கமும் அவர் அடித்த கோல்களைவிட விரைவாகச் செய்தியாகும் காலம் இது. இதைச் சமூக ஊடகங்கள் கொண்டுவந்த புது நோய் என்று கருதுவோர் உண்டு. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பிரேசிலின் கரிஞ்சாவுடைய வாழ்க்கையை நெருங்கிப் படித்த பிறகே அந்த எண்ணம் மாறியது. கைபேசிகள் இல்லாத அறுபதுகளில், அச்சு மையையும் வானொலியையும் மட்டுமே கொண்டு, ஒரு நாடு தன் நாயகனின் படுக்கையறையை எட்டிப் பார்த்தது, தீர்ப்பும் எழுதியது. அந்தத் தீர்ப்பில் தண்டனை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மனுவேல் பிரான்சிஸ்கோ டாஸ் சாண்டோஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1933 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் பாவ் கிராண்டே என்னும் ஆலைக் குடியிருப்பில் பிறந்தார். நெசவாலை ஒன்றைச் சுற்றி எழுந்த ஊர் அது. 14 வயதில் அவரும் அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டார் அவருக்கு வைத்த செல்லப்பெயரான கரிஞ்சா, குருவியைப் போன்ற சிறு பறவை ஒன்றின் பெயர். அவருடைய இரண்டு கால்களும் ஒரே திசையில் வளைந்திருந்தன. ஒன்று மற்றதைவிடக் குட்டை. அந்தக் கால்களோடு ஒருவர் ஓடுவதே அரிது என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள்.

1953இல் பொட்டாஃபோகோ கழகத்தின் தேர்வுப் பயிற்சிக்கு வந்தபோது, நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான நில்டன் சாண்டோஸ் அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டார். கரிஞ்சா அவரை எளிதாகக் கடந்து சென்றார். இவரை எதிரணியில் சந்திப்பதைவிடத் தம் அணியிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று நில்டன் கழகத்திடம் சொன்னதாகக் கூறுவார்கள். அடுத்த 12 ஆண்டுகள் அந்தக் கழகத்தின் வலது ஓரம் கரிஞ்சாவுக்குச் சொந்தமானது.

1958 உலகக் கோப்பைக்கு முன்பு, பிரேசில் அணியின் உளவியலாளர் வீரர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். கரிஞ்சா மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார். பெரும்போட்டிக்குத் தகுதியற்றவர் என்று பரிந்துரைக்கப்பட்டார். 17 வயதுப் பெலேவுக்கும் கிட்டத்தட்ட அதே முடிவுதான். பயிற்சியாளர் அந்த அறிக்கையை ஒதுக்கிவைத்தார். ஜூன் 15 அன்று சோவியத் அணிக்கு எதிராக இருவரும் சேர்ந்து களமிறங்கினர். அன்று தொடங்கி, இவ்விருவரும் ஒன்றாக ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. 1962இல் சிலியில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமுற்று விலக, கோப்பையை வெல்லும் சுமை கரிஞ்சாவின் தோளில் ஏறியது. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல்கள். அரையிறுதியில் நடுவர் அவரை வெளியேற்றியும், ஒழுங்குக் குழு அவரை இறுதி ஆட்டத்தில் ஆட அனுமதித்தது. பிரேசில் மீண்டும் வாகை சூடியது. மக்களின் மகிழ்ச்சி என்று அவரை நாடே அழைத்தது. அதே தலைப்பில் ஓர் ஆவணப்படமும் வந்தது.

களத்துக்கு வெளியே இருந்த கரிஞ்சாவைப் பத்திரிகைகள் அப்போது எப்படி வரைந்தன? கள்ளமறியாத கிராமத்துக் குழந்தையாக. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் அனைவரையும் அவர் ஒரே பெயரால் அழைப்பார் என்ற கதை நாடெங்கும் பரவியது. இத்தகைய கதைகள் பலவும் பத்திரிகையாளர்களின் கற்பனை என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரூய் காஸ்ட்ரோ பின்னாளில் காட்டினார். கதைகள் இனித்தன, எனவே எவரும் சரிபார்க்கவில்லை.

கசப்பானவையும் இருந்தன. கரிஞ்சாவின் தந்தை குடியால் சீரழிந்தவர். மகனும் இளம் வயதிலேயே கரும்புச் சாராயத்துக்குப் பழகியிருந்தார். பாவ் கிராண்டேயில் மனைவி நயீர், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த பெண் குழந்தைகளோடு காத்திருந்தார். அவர்களுக்கு மொத்தம் எட்டு மகள்கள். வேறு பெண்களோடும் அவருக்கு உறவுகள் இருந்தன. 1959இல் கழகத்தோடு சுவீடனுக்குச் சென்ற பயணத்தின் விளைவாக அங்கேயும் ஒரு மகன் பிறந்தான். ரியோவின் விளையாட்டு நிருபர்களுக்கு இந்த வாழ்க்கை முறை முற்றிலும் தெரியாத ஒன்றாக இருந்திருக்க முடியாது. ஆனால் கோப்பைகள் வந்துகொண்டிருந்தவரை இவையெல்லாம் குறும்பு என்ற கணக்கில் வைக்கப்பட்டன. வெற்றி பெறுபவரின் குற்றம் குறும்பாகிவிடுகிறது.

கணக்கு மாறியது எல்சா சோரெஸின் வருகையால். ரியோவின் சேரியில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே மணமுடித்துவைக்கப்பட்டு, இளவயதில் கணவரை இழந்து, பசியில் குழந்தையையும் பறிகொடுத்து, தன் குரலால் மட்டுமே மேலேறி வந்த கறுப்பினப் பாடகி அவர். 1962 வாக்கில் அவரே நாடறிந்த நட்சத்திரம். கரிஞ்சா தம் உறவுகளை மறைத்தவரை பொறுத்துக்கொண்ட சமூகம், அவர் குடும்பத்தை விட்டு எல்சாவோடு வெளிப்படையாக வாழத் தொடங்கியதும் கொதித்தெழுந்தது. பிரேசிலில் மணமுறிவுச் சட்டம் வந்ததே 1977இல்தான். எனவே சட்டத்தின் கண்ணிலும் அந்த உறவுக்கு இடமில்லை.

அந்தக் கோபம் பாய்ந்த திசையைக் கவனியுங்கள். எட்டு மகள்களை விட்டு வந்த தந்தையின் மீது அது பாயவில்லை. குடும்பத்தைக் கெடுத்தவள், பணத்துக்காக வந்தவள், ஆட்டத்தை அழித்தவள் என்று எல்லாப் பழியும் எல்சாவின் மேல் விழுந்தது. அவருடைய வீட்டின் மீது கற்கள் வீசப்பட்டன. கொலை மிரட்டல்கள் வந்தன. குடிப்பழக்கத்திலிருந்து கரிஞ்சாவை மீட்க முயன்று, மதுக்கடைகளுக்கே சென்று அவருக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள் என்று கேட்டவர் எல்சா. அதற்கும் அவருக்குக் கிடைத்தது சூனியக்காரி என்ற பட்டம். கொடிய எழுத்துகள் கல்லை எறியவில்லை என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். கல் எந்த வீட்டின் மீது விழ வேண்டும் என்பதை வாசகருக்குக் காட்டியது அந்த எழுத்துதான்.

இந்த ஆரவாரத்தில் கேட்கப்படாமல் போன கேள்விகள் எத்தனை! கரிஞ்சாவின் முழங்கால்கள் அந்த ஆண்டுகளில்தான் தேய்ந்துகொண்டிருந்தன. வலியை அடக்கும் ஊசிகளோடு அவர் ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்கிவிடப்பட்டார். வெளிநாட்டுப் பயணங்களில் அவர் ஆடினால்தான் கழகத்துக்கு நல்ல வருமானம். தொகை நிரப்பப்படாத ஒப்பந்தங்களில் அவர் கையெழுத்திட்டதும், உலகக் கோப்பையை வென்று தந்த கால்களுக்கு உரிய ஊதியம் கிடைக்காததும் பின்னாளில் விரிவாகப் பேசப்பட்டவை. இவை பொது அக்கறைக்குரிய செய்திகள். ஒரு தொழிலாளியின் உடலையும் உழைப்பையும் பற்றியவை. ஆனால் அவர் ஆட்டம் தளர்ந்ததற்குக் காரணமாக முழங்காலைச் சொல்வதைவிட ஒரு பெண்ணைச் சொல்வது எளிதாக இருந்தது. 1966 உலகக் கோப்பையில் ஹங்கேரியிடம் பிரேசில் 3-1 என்று தோற்றது. பிரேசிலுக்காக அவர் ஆடிய 50 ஆட்டங்களில் அவர் கண்ட ஒரே தோல்வி அது. கடைசி ஆட்டமும் அதுவே.

பிறகு வந்தது நெடிய சரிவு. 1969இல் கரிஞ்சா ஓட்டிச் சென்ற கார் லாரி மீது மோதியதில் எல்சாவின் தாய் இறந்தார். ராணுவ ஆட்சிக் காலத்தில் தங்கள் வீடு துப்பாக்கியால் சுடப்பட்டதை எல்சா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இருவரும் சில காலம் இத்தாலியில் வாழ்ந்து திரும்பினர். 1973 டிசம்பரில் மரக்கானா அரங்கில் நடந்த நன்றி ஆட்டத்துக்கு 1,30,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். குடி மட்டும் விடவில்லை. 1980இல் மங்கேரா சாம்பா பள்ளியின் திருவிழா ஊர்தியில், எங்கே இருக்கிறோம் என்றே அறியாதவர் போல அமர்ந்திருந்த கரிஞ்சாவை நாடு பார்த்துக் கண் கலங்கியது. நோயாளியாக மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டிய ஒருவரை, ஒளிவிளக்குகளின் கீழ் காட்சிப்பொருளாக உட்கார்த்திவைத்தது எவ்வகை அன்பு என்பது எனக்கு விளங்கவில்லை. 1983 ஜனவரி 20 அன்று, 49 வயதில், குடியால் சிதைந்த உடலோடு அவர் இறந்தார். மரக்கானாவிலிருந்து பாவ் கிராண்டே வரை சாலை நெடுக மக்கள் நின்றார்கள். மறுநாள் பத்திரிகைகளில் மீண்டும் அந்தக் கள்ளமற்ற குழந்தை திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் வீரர்களின் தனிவாழ்வை ஊடகங்கள் தொடவே கூடாது என்பதா என் வாதம்? இல்லை. அதற்கும் இந்த வாழ்க்கையே தடையாக நிற்கிறது. குடிவெறியில் கரிஞ்சா எல்சாவை அடித்தார். அதை எல்சாவே பின்னாளில் சொன்னார். அந்த வீட்டின் காதல் விவகாரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய காலம், அந்த வன்முறையைப் பெரிதாக எழுதவில்லை. எழுதக் கூடாததை எழுதி, எழுத வேண்டியதை விட்டுவிட்டது. தனியுரிமை என்ற சொல் அடிபடுபவருக்குக் காவலாக இருக்க வேண்டும். அடிப்பவருக்குத் திரையாக ஆகிவிடக் கூடாது.

எனவே என் அளவுகோல் எளியது. ஒரு வீரரின் களத்துக்கு வெளியேயான நடத்தையை எழுத முனையும்போது மூன்று கேள்விகள் போதும். இதனால் காயப்படுபவர் யாரேனும் உண்டா? இதன் பின்னால் லாபம் பெறும் கழகமோ நிறுவனமோ இருக்கிறதா? நாம் ஒழுக்கக்கேடு என்று அழைப்பது உண்மையில் நோயா? யாரும் காயப்படாத காதல் செய்தியன்று. மறைக்கப்பட்ட அடி செய்தி. வீரர் குடித்தார் என்பதோடு நின்றுவிடும் எழுத்து வம்பு. அவர் குடிப்பதை அறிந்தும் வலிமறப்பு ஊசியோடு அவரைக் களத்துக்கு அனுப்பியவர் யார் என்று தேடும் எழுத்து இதழியல்.

காஸ்ட்ரோ எழுதிய வாழ்க்கை வரலாறு 1995இல் வெளியானபோது கரிஞ்சாவின் மகள்கள் நீதிமன்றம் சென்றார்கள். நூலின் விற்பனை சில காலம் நிறுத்தப்பட்டது. பின்னர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவானது. வாழ்க்கை வரலாற்றுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவுபடுத்தியது. தந்தையின் மானம் காக்க வழக்காடிய மகள்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த நூல் வெளிவந்தது நல்லதே என்பேன். பரபரப்புக்காக எழுதப்பட்ட ஆயிரம் செய்திகள் மறைத்த மனிதரை, பொறுமையாகத் தேடி எழுதப்பட்ட ஒரு நூல்தான் மீட்டுத் தந்தது.

எல்சா சோரெஸ் அதன் பின்னும் பாடினார். கரிஞ்சாவுக்கும் அவருக்கும் பிறந்த மகன், ஒன்பது வயதில், 1986இல் சாலை விபத்தில் இறந்தான். அதையும் தாங்கி எழுந்தார். எண்பது வயதைக் கடந்த பிறகு வெளியிட்ட இசைத்தொகுப்பில், அடிக்கும் ஆணை எதிர்த்து நிற்கும் பெண்ணின் பாடலைப் பாடினார். அத்தொகுப்புக்கு லத்தீன் கிராமி விருது கிடைத்தது. ஒரு காலத்தில் அவர்மீது கல்லெறிந்த நாடு அவரை எழுந்து நின்று வணங்கியது. 91 வயதில் அவர் மறைந்த நாள் 2022 ஜனவரி 20. கரிஞ்சா இறந்து சரியாக 39 ஆண்டுகள்.

அன்றைய அஞ்சலிச் செய்திகளில் கரிஞ்சாவின் பெயர் தவறாமல் இடம்பெற்றது. அறுபதுகளில் எல்சாவைப் பற்றி எழுதியவற்றுக்காக வருத்தம் தெரிவித்த தலையங்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த வருத்தம் பிரேசிலின் பத்திரிகைகளுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த முறை ஒரு வீரரின் தோல்விக்கு அவர் மனைவியையோ காதலியையோ காரணமாக்கும் தலைப்பு கண்ணில் பட்டால், அதைத் திறந்து படிக்கும் விரலும் பொறுப்பேற்க வேண்டும். என் விரலையும் சேர்த்தே சொல்கிறேன்.