டயருக்குள் காற்றை அடைத்த மிருக வைத்தியர்

வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலும் ஓட்டோ ஓட்டும் அண்ணன்மாருடன் கதைத்தால், எரிபொருளுக்கு அடுத்த கவலையாக டயர் வந்துவிடும். 2020இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபா விழுந்தது. ஒரு டயரை இன்னும் எத்தனை மாதம் ஓட்டலாம் என்பது பல வீடுகளில் அரிசிக் கணக்கோடு சேர்ந்த கணக்காகிவிட்டது. இந்தக் கணக்கின் தொடக்கத்தில் ஒரு மிருக வைத்தியர் நிற்கிறார்.

ஜோன் பொய்ட் டன்லொப் 1840இல் ஸ்கொட்லாந்தின் ட்ரெகோர்ன் என்ற ஊரில் பிறந்தார். மிருக வைத்தியம் படித்து, 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்தார். அக்காலச் சைக்கிள்களுக்குத் திண்ம இறப்பர் டயர்தான். கல் பதித்த தெருக்களில் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் குலுங்குவதைக் கண்ட டன்லொப், 1887இல் மெல்லிய இறப்பர்த் தகட்டில் குழாய் செய்து, மரச் சில்லைச் சுற்றித் துணியால் பொதிந்து, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் நிரப்பினார். பழைய சில்லையும் புதிய சில்லையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். பழையது இடையில் விழுந்தது. காற்றுச் சில்லோ முற்றத்தைக் கடந்து படலையில் மோதித் திரும்பியது.

1888இல் காப்புரிமை கிடைத்தது. 1889இல் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயர்களுடன் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வென்றார். ஹார்வி டு குரோஸ் முன்னின்று டப்ளினில் கம்பனி தொடங்கினார். ஆனால் ரொபேர்ட் வில்லியம் தொம்சன் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் 1840களிலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தது தெரியவந்தது. டன்லொப்பின் உரிமை செல்லாமற்போனது. 1896இல் கம்பனி 30 இலட்சம் பவுணுக்குக் கைமாறியபோது, பெரும் இலாபம் அவரிடம் சேரவில்லை. 1921இல் டப்ளினில் காலமானார். பெயர் மட்டும் டயர்களில் நிலைத்தது.

அந்த டயர் உலகெங்கும் இறப்பர்ப் பசியைக் கிளப்பியது. கொங்கோவில் மன்னர் லியோபோல்டின் ஆட்சி, இறப்பருக்காக மக்களைக் கொன்று வதைத்தது. இலங்கைக்கு 1876இலேயே வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்ட பிரேசில் கன்றுகளின் வழிவந்த மரங்கள், 1900களின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலைத் தோட்டங்களாகப் பெருகின. விடியற்காலையில் அங்கு பால் வெட்டியவர்களில் எங்கள் மலையகத் தமிழரும் இருந்தனர்.

எரியும் டயரின் மணம் எங்களில் பலருக்கு 1983 யூலையை நினைவூட்டும். ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருள் கிடைக்காத வடக்கை நகர்த்தியதும் சைக்கிள் டயர்தான். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள், வீட்டின் மிச்சத்தைச் சைக்கிளில் கட்டி உருட்டினார்கள்.

டன்லொப்பின் முற்றத்தில் தெரிந்த உண்மை இன்றும் மாறவில்லை: பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் காற்றுத்தான். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். இரு ஓரங்களும் தேயும். கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சில்லின் நேர்சீர்மையைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரம், திடீர் பிரேக், வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் வேகம் ஆகியனவும் ஆயுளைக் குறைக்கும்.

ஓடாமல் நின்றாலும் இறப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். பழைய டயர் வாங்குவோர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டு கடந்ததைத் தொடாதீர்கள். பல நாடுகளில் காருக்குக் குறைந்தபட்சத் தவாளிப்பு ஆழம் 1.6 மில்லிமீற்றர். அதற்குக் கீழே போனால், மழைநீரை டயரால் ஒதுக்க முடியாது. பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கும். ஓட்டோவில் பின்னால் இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

புதிய டயருக்குக் காசு சேர நாளாகலாம். காற்றுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், ஓட்டம் தொடங்கி டயர் சூடாவதற்கு முன் பாருங்கள்.