அறிஞர் சித்தி லெப்பை: பள்ளிவாசல் நிலத்தில் பள்ளிக்கூடம் எழக் காரணமானவர்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.



நமது ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு, சமுதாயத்திற்கு உழைத்த முன்னோர் ஒருவரின் வாழ்வையும் நினைவுகூர்வது பயன் தரும் எனக் கருதுகின்றோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டவர், கடலுக்கு அப்பால் இலங்கையின் கண்டி நகரில் வாழ்ந்து, தமிழில் எழுதி, தமிழ் பேசும் முஸ்லிம்களின் கல்விக்காகத் தம் பொருளையும் காலத்தையும் செலவிட்ட மர்ஹூம் முகம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள். இலங்கை முஸ்லிம்கள் தம் கல்வி மறுமலர்ச்சியின் தந்தை என இவரைப் போற்றுகின்றனர். 1977 இல் அந்நாட்டு அரசு இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. ஆயினும் நம் கொங்குப் பகுதியில் இவரை அறிந்தோர் மிகச் சிலரே. முஸ்லிம் உலகின் கல்விப் பின்னடைவைப் பற்றி மேடைகளில் பலவாறு பேசுகின்றோம். அப்பின்னடைவை ஓர் ஊரில் எவ்வாறு எதிர்கொண்டனர், அங்கே முதலில் எது தவறியது, பின்னர் எது நிலைத்தது என்பதை இவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

பிறப்பும் தொழிலும்

சித்தி லெப்பை 1838 ஆம் ஆண்டு ஜூன் 11 இல் கண்டியில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஆங்கிலேயர் ஆட்சியில் வழக்கறிஞராகும் வாய்ப்பைப் பெற்ற முதல் முஸ்லிம்களுள் ஒருவர். தந்தையின் வழியிலேயே மகனும் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கண்டியில் நீதிபதி பொறுப்பிலும் அமர்ந்தார். தமிழ், அரபு, ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளில் அவருக்குப் பயிற்சி இருந்தது. மார்க்க அறிவிலும் ஆன்மீக நாட்டத்திலும் ஆழ்ந்தவர். தம் இறுதிக்காலத்தில், 1897 இல், அஸ்ராருல் ஆலம் என்னும் ஞான நூலை வெளியிட்டதே இதற்குச் சான்று. ஆகவே, அவர் மார்க்கத்தை விட்டு உலகக் கல்வியின் பக்கம் சாய்ந்தவர் அல்லர் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

அக்காலக் கண்டி, நம் வால்பாறையைப் போல மலைத்தோட்டங்களால் சூழப்பட்ட ஊர். தோட்டங்களில் அப்போது விளைந்தது காப்பி. முஸ்லிம்களுள் பெரும்பாலோர் கடை, வண்டி, சிறு வணிகம் என்று தோட்டப் பொருளாதாரத்தை நம்பி வாழ்ந்தனர். பிள்ளைகள் பள்ளிவாசலை ஒட்டிய ஓதற்பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றபின் தந்தையின் கடைக்குச் சென்றனர். ஆங்கிலப் பள்ளிகளைப் பெரும்பாலும் கிறித்தவப் பாதிரிமார் நடத்தினர். அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை அறியாமை என ஒதுக்கிவிட முடியாது. மதமாற்ற நோக்கம் அப்பள்ளிகள் பலவற்றில் வெளிப்படையாகவே இருந்தது. ஆனால் அச்சத்தின் விளைவு கடுமையானது. அலுவலகங்களிலும், நீதிமன்றங்களிலும், மருத்துவத்திலும் முஸ்லிம்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது.

இதே சிக்கலை மற்ற சமயத்தாரும் சந்தித்தனர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகளை நிறுவினார். 1880 இல் இலங்கைக்கு வந்த கர்னல் ஆல்காட்டின் துணையோடு பௌத்தர்கள் தம் பள்ளிகளைத் தொடங்கினர். வட இந்தியாவில் சர் செய்யித் அகமது கான் 1875 இல் அலிகரில் கல்லூரிக்கு வித்திட்டார். தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டே புதிய கல்வியைப் பெறுவது எவ்வாறு என்பதே எங்கும் எழுந்த வினா. இலங்கை முஸ்லிம்களிடையே அவ்வினாவை எழுப்பி, விடையும் தேடியவர் சித்தி லெப்பை.

உலகச் செய்தியைத் தமிழில் தந்தவர்

1882 டிசம்பர் 21 இல் அவர் முஸ்லிம் நேசன் என்னும் வார இதழைத் தொடங்கினார். பள்ளி தொடங்குவதற்கு முன்பே இதழ் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பள்ளி ஏன் வேண்டும் என்பதைச் சமுதாயம் உணராதவரை, பள்ளியைக் கட்டினாலும் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். உள்ளூர் நிகழ்ச்சிகளோடு துருக்கி, எகிப்து முதலிய முஸ்லிம் நாடுகளின் செய்திகளும் அவ்விதழில் தமிழில் வந்தன. கடைத்திண்ணையில் அமர்ந்து ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் காலத்தில், உலகத்தைத் தாய்மொழியில் அறியச் செய்தது பெரும் பணியாகும். சில ஆண்டுகளில், 1887 இல், சிங்கப்பூரிலும் மகுதூம் சாயபு அவர்களை ஆசிரியராகக் கொண்டு சிங்கை நேசன் என்னும் தமிழ் இதழ் வெளிவந்தது. கடல் கடந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் எழுத்தின் ஆற்றலை உணர்ந்த காலம் அது.

முஸ்லிம் நேசன் தொடங்கிய சில வாரங்களிலேயே, அது எழுதிவந்த உலகச் செய்தியே கொழும்புத் துறைமுகத்திற்கு நேரில் வந்தது. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்த அஹமது அராபி பாஷா, 1882 செப்டம்பரில் தல்லுல் கபீர் போரில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றார். அவரையும் அவர்தம் தோழர்களையும் ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடு கடத்தினர். 1883 ஜனவரியில் கப்பல் வந்து சேர்ந்தபோது முஸ்லிம்கள் திரண்டு வரவேற்றனர். பாஷா 1901 வரை இலங்கையிலேயே வாழ்ந்தார்.

சித்தி லெப்பை அவரோடு நெருங்கிப் பழகினார். எகிப்தின் வரலாறு இருவருக்கும் ஒரு பாடத்தைக் கற்பித்திருந்தது. கடன் சுமையில் சிக்கி, நிதியையும் நிர்வாகத்தையும் அந்நியர் கையில் விட்ட நாடு, வீரம் மட்டும் கொண்டு தன்னைக் காத்துக்கொள்ள இயலவில்லை. ஆதலால் நாடிழந்து வந்த பாஷாவும் கல்விப் பணிக்கே தம் ஆதரவை நல்கினார். முஸ்லிம் நாடுகளின் வீழ்ச்சியைக் கேட்டு வருந்துவதோடு நில்லாமல், அவ்வருத்தத்தைத் தம் ஊர்ப் பிள்ளைகளின் கல்வியில் செலுத்தியதே அன்னோரின் சிறப்பு.

1885 இல் சித்தி லெப்பை அசன்பே சரித்திரம் என்னும் புதினத்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879 இல் வந்தது; ஆகவே தமிழ் நாவலின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இது வைத்து எண்ணப்படுகின்றது. கெய்ரோவில் தொடங்கும் கதை பம்பாய், கல்கத்தா எனப் பரந்து செல்கின்றது. கொழும்புக்கும் கண்டிக்கும் அப்பால் சென்றறியாத வாசகருக்கு அது பரந்த உலகைக் காட்டியது.

முதற்பள்ளியின் தோல்வி

1884 இல் கொழும்பு நகரின் சோனகத் தெருப் பகுதியில் அல் மத்ரஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமிய்யா என்னும் பள்ளியை அவர் நிறுவினார். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமையவேண்டும் என்பது அவர் கொள்கை. அரபு பயிலும் சிறாருக்குப் பாடநூலும் தாமே எழுதினார். கண்டி, மாத்தளை, கம்பளை, குருணாகல் முதலிய ஊர்களிலும் பள்ளிகள் தோன்ற உழைத்தார்.

அது எத்தகைய காலம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இலை நோயினால் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. அதே 1884 ஆம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்து இலங்கை வணிகர்கள் கலங்கி நின்றனர். பணம் சுருங்கிய வேளையில் பள்ளிக்குப் பொருள் கேட்டு அவர் சென்றார். சிலர் கொடுத்தனர், பலர் தயங்கினர். வேறு சிலர் ஆங்கிலம் கற்பிப்பதையே குறை கூறினர். சில ஆண்டுகளில், போதிய ஆதரவின்மையால் கொழும்புப் பள்ளி நிலைகுலைந்தது.

இத்தோல்வியை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நின்ற பள்ளி, சமுதாயத்தின் தொடர்ந்த ஆதரவு கிட்டாதபோது வீழ்ந்தது. திறப்பு விழாவிற்குக் கூட்டம் சேர்வது எளிது. மாதந்தோறும் ஆசிரியர் சம்பளத்திற்குப் பணம் சேர்வதே கடினம். ஜமாஅத் நிர்வாகத்தில் இருந்தோர் யாவரும் இதனை நன்கறிவர்.

ஸாஹிராவின் தோற்றம்

சித்தி லெப்பை மனம் தளரவில்லை. இம்முறை கல்விச் சங்கம் ஒன்று அமைந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்ற இளைய தலைமுறையினர் உடன் நின்றனர். கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டிப் புகழ்பெற்ற ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்காயர் தம் பொருளையும் கட்டடத் திறனையும் தந்தார். அந்த அருங்காட்சியகத்தை முடித்தபோது ஆளுநர் என்ன கைம்மாறு வேண்டும் எனக் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடவேண்டும் என்பதையே மரைக்காயர் கேட்டதாகச் சொல்வர். அராபி பாஷாவின் ஆதரவும் சேர்ந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, மருதானைப் பள்ளிவாசலின் நிலம் கல்விக்குக் கிடைத்தது. 1892 ஆகஸ்டு 22 இல் அந்நிலத்தில் ஸாஹிரா பள்ளி தொடங்கிற்று.

முதற்பள்ளிக்கும் இரண்டாம் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னதைத் தாங்கியது பெரும்பாலும் ஒருவரின் உழைப்பு, பின்னதைத் தாங்கியவை சங்கமும், கொடையாளரும், பள்ளிவாசலும். ஸாஹிராவும் பின்னாளில் தளர்ச்சி கண்டது உண்டு. ஆனால் 1921 இல் அதிபரான டி.பி. ஜாயா அவர்கள் அதனை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக உயர்த்தினார். 1948 இல் அவருக்குப் பின் அதிபரான ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். அவர் முன்னின்று 1945 இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதி, ஏழை மாணவர் பலரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றது.

பெண்கல்வியிலும் சித்தி லெப்பை முன்னோடியாவார். கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அதன் பொறுப்பைத் தம் சகோதரியாரிடமே ஒப்படைத்தார். அயலார் வீட்டுப் பெண்களை அழைக்குமுன் தம் குடும்பத்தினரையே அப்பணியில் நிறுத்தியதால், எதிர்ப்போரின் வாய் அடங்கியது.

1892 இல் ஞான தீபம் என்னும் மாத இதழையும் நடத்திய அவர், 1898 பிப்ரவரி 5 இல், அறுபது வயது நிறையுமுன் இறையடி சேர்ந்தார். அலிகரின் சர் செய்யித் அகமது கானும் அடுத்த மாதமே, மார்ச் 27 இல், மறைந்தார். ஜாயா, அஸீஸ் போன்றோர் காலத்தில் ஸாஹிரா அடைந்த உயர்வைக் காணும் வாய்ப்பு சித்தி லெப்பைக்கு வாய்க்கவில்லை.

நமக்குள்ள பாடம்

தமிழக முஸ்லிம்களின் நிலை அன்றைய கண்டியைப் போன்றதன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரியோ 73.5 சதவீதம். ஆகவே எழுதப் படிக்கக் கற்பதில் நாம் பின்தங்கியோர் அல்லோம். எழுத்தறிவிற்கு மேல் எவ்வளவு தூரம் செல்கின்றோம் என்பதே வினா. 2007 இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வழங்கியது. வேளாண் பல்கலைக்கழகமும், பாரதியார் பல்கலைக்கழகமும், அரசு மருத்துவக் கல்லூரியும் கோவையிலேயே உள்ளன. உக்கடத்திலிருந்தோ கரும்புக்கடையிலிருந்தோ பேருந்தில் சென்று சேரும் தொலைவில் உயர்கல்வி இருக்கின்றது. ஆயினும் பத்தாம் வகுப்போடு கடைக்கும் பட்டறைக்கும் செல்லும் பிள்ளை ஒருவர் இருந்தாலும், அவ்வீட்டிற்கு அவ்வாய்ப்புகள் யாவும் இல்லாதவையே. 2022 இல் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையை மத்திய அரசு நிறுத்தியபோது, அரசை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதும் தெளிவாயிற்று.

1998 இன் துயரத்திற்குப் பின் நம் கோவையில் பல குடும்பங்கள் தொழிலிழந்து, பிள்ளைகளின் படிப்பும் தடைப்பட்டதை மூத்தோர் அறிவர். அன்று படிப்பை விட்டவர்களின் பிள்ளைகளே இன்று பள்ளி வயதில் உள்ளனர். தந்தைக்குத் தவறியது பிள்ளைக்கும் தவறக்கூடாது.

ஆதலால் ஜமாஅத்தார் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு மஹல்லாவிலும் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியல் ஒன்று நிர்வாகத்தின் கையில் இருத்தல் வேண்டும். திருமணப் பதிவேடும் சந்தாப் பதிவேடும் வைத்திருக்கும் நமக்கு இது அரிதன்று. கல்வி நிதிக்கு ரமலானில் ஒருமுறை கொடுப்பதோடு நில்லாமல், சிறு தொகையேனும் மாதந்தோறும் கொடுக்கும் வழக்கம் வரவேண்டும். பள்ளிவாசலின் கூடமும் வக்பு இடமும் தொழுகை நேரம் போக மாலையில் மாணவர் படிக்கப் பயன்படவேண்டும். பெண் பிள்ளைகளின் மேற்படிப்பிற்கு நிர்வாகிகளின் குடும்பங்களே முன்மாதிரியாக விளங்கவேண்டும். இவை யாவும் கண்டியிலும் கொழும்பிலும் 19 ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்க்கப்பட்டவை.

வல்ல நாயன் அல்லாஹ், மர்ஹூம் சித்தி லெப்பை அவர்களின் பணிகளை ஏற்று அன்னாருக்கு மறுமையில் உயர்ந்த பதவியை அளிப்பானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்கெனத் தொடர்ந்து கொடுக்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.