காற்று வந்தபோது களத்தில் நெல் இருந்தது

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் காற்று வரும் வேளையில், கதிரடித்த நெல் களத்தில் குவிந்திருக்க வேண்டுமே! வெறுங்களத்தில் எவ்வளவு காற்று வீசினாலும் பயன் என்ன? இவ்வுண்மையை விளக்கும் ஒரு வாழ்க்கையை இங்குக் காண்போம்.

மின்சார யுகத்திற்கு வித்திட்ட மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயுற்றவர். விலைவாசி ஏறிய 1801இல், சிறுவன் மைக்கேலுக்கு ஒரே ஒரு ரொட்டியைக் கொடுத்து, அதை ஒரு வாரம் வைத்து உண்ணச் சொன்னார்களாம். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

அடுத்து ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனானார். பையனின் நேர்மையைக் கண்ட ரீபோ, 1805இல் கட்டணம் ஏதும் வாங்காமலே புத்தகம் கட்டும் தொழிலைப் பழக்கச் சேர்த்துக்கொண்டார். ஏழாண்டுப் பயிற்சி அது. கட்ட வந்த நூல்களைத் தைத்து ஒட்டி அனுப்புவதோடு பாரடே நின்றிருக்கலாம். அவரோ அவற்றைப் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரை ஈர்த்தது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூல், ஓர் ஆசிரியை இரு சிறுமியரோடு உரையாடுவதாக அமைந்தது. முதலில் அம்மையார் தம் பெயரைக்கூட அதில் போடவில்லை. பெண்களை எண்ணிப் பெண்ணொருவர் எழுதிய அந்நூல் ஒரு பேரறிஞருக்கு வழிகாட்டியது என்பது நமக்குப் பெருமையன்றோ!

1812இல் முதற்காற்று வீசியது. கடைக்கு வந்துபோன டான்ஸ் என்ற அன்பர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகளைப் பாரடே கேட்டார்; குறிப்பெடுத்தார்; வீட்டில் விரிவாக எழுதிப் படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டினார். அதனை டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். டேவி அன்போடு பேசினார். ஆனால் இடம் காலியில்லை, புத்தகம் கட்டும் தொழிலையே தொடர்வது நல்லது என்று அறிவுரை கூறி அனுப்பிவிட்டார்.

பாரடே மனம் தளரவில்லை. சில வாரங்களில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உடனே டேவியின் நினைவுக்கு வந்தவர், அந்த நூலைக் கட்டித் தந்த இளைஞரே. 1813 மார்ச் 1ஆம் நாள் பாரடே பணியில் அமர்ந்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தச் சண்டை நடவாதிருந்தால்? பாரடே காலமெல்லாம் புத்தகம் கட்டியிருக்கக்கூடும். எல்லாம் முயற்சியே என்று கூறுவது முழு உண்மையன்று. நுழைவுச்சீட்டு தர ஆளின்றி, அறிவிருந்தும் மறைந்துபோனவர் எத்தனை பேரோ! ஆனால் அந்த நூல் மட்டும் எழுதப்படாதிருந்தால், இடம் காலியான அன்று பாரடேயை யார் நினைத்திருப்பார்?

கிடைத்த வாய்ப்பும் மலர்ப்பாதையாக இல்லை. அதே ஆண்டு டேவியோடு ஐரோப்பியப் பயணம் சென்றபோது பணியாளின் வேலையும் அவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பாரடே வருந்தினார், ஆயினும் ஆம்பியர், வோல்டா போன்ற மேதைகளைக் காணும் பேறும் அப்பயணத்திலேயே வாய்த்தது.

1831 ஆகஸ்ட் 29ஆம் நாள், இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றி ஆய்வு செய்தார். ஒன்றை மின்கலத்தோடு இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டுமே, மற்றதன் அருகிலிருந்த ஊசி அசைந்தது. கண்ணிமைத்திருந்தால் தவறியிருக்கும்! அவர் கண்ட அந்த மின்தூண்டலே இன்றைய மின்னாக்கிகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் அடிப்படை.

புகழ் வந்தபின்னும் எளிமை மாறவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார். ஆனால் தாம் பெற்ற நுழைவுச்சீட்டை மறக்கவில்லை போலும்! இளைஞருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1825இல் தொடங்கி வைத்தார். ஒரு சாதாரண மெழுகுவர்த்தியைக் கொண்டே வேதியியலைச் சிறுவருக்கு விளக்கினார். 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாக உயிர்நீத்தார்.

தோழியரே! காற்று எப்போது வீசும் என்பது நம் கையில் இல்லை. நெல்லைச் சேர்த்து வைப்பது நம் கையில் உண்டு. அதோடு, நம்மிடம் ஒரு நுழைவுச்சீட்டு இருக்குமானால், கடையின் மூலையில் அமர்ந்து படிக்கும் இன்னொருவருக்கு அதை நீட்டவும் மறவாதிருப்போம்.