பாத்திமா நாயகியின் இல்லம்

வீட்டைத் துப்புரவாக வைப்பதில் தாம் கெட்டிக்காரி என்று எண்ணும் பெண்மணிகள் உண்டு. எவ்வளவு பெருக்கினாலும் போதவில்லையே எனச் சலிப்போரும் உண்டு. இரு சாராருக்கும் பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் வாழ்வில் படிப்பினை இருக்கிறது.

அண்ணலெம்பெருமானாரின் (ஸல்) அருமை மகளாராகிய அவர்கள், ஹிஜ்ரி 2-ல் அலீ (ரலி) அவர்களை மணந்தார்கள். மதீனாவில் அவ்வெளிய இல்லத்தில் பணியாள் இல்லை. திரிகை சுற்றிக் கைகள் காய்த்தன. வீடு பெருக்கி ஆடையில் புழுதி படிந்தது. இதைக் கண்டு மனம் பொறாத கணவர், தந்தையிடம் ஒரு பணியாளைக் கேட்டு வருமாறு சொன்னார்கள். நாயகி சென்ற நேரம் நபிகளாரைக் காண முடியவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் விஷயத்தைச் சொல்லித் திரும்பினார்கள்.

இரவில் நபிகளாரே மகள் வீட்டுக்கு வந்தார்கள். உறங்குமுன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதக் கற்பித்து, பணியாளைவிட அதுவே மேல் என்றார்கள். ஸிஃப்பீன் போர் இரவிலும் அலீ (ரலி) அதை விடவில்லை. நாயகி ஹிஜ்ரி 11-ல் வஃபாத்தானார்கள்.

சகோதரிகளே! நம் துப்புரவை அண்டை வீட்டார் அளக்க வேண்டாம். கை சோர்ந்த இரவில் நாவு திக்ரில் நனைந்ததா என்று பார்ப்போம். சகோதரர்களே! மனைவியின் ஆடையில் படிந்த புழுதி அலீ (ரலி) அவர்களின் கண்ணில் பட்டது. நம் கண்ணில் படுகிறதா?