சம்பளமில்லா விரிவுரையாளர் எமி நோதர்

1882ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் எமி நோதர் பிறந்தார். தந்தை மக்ஸ் நோதர் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஆயினும் எமி அக்காலப் பெண்பிள்ளைகளைப் போலவே வீட்டு வேலையும் பியானோவும் பழகி வளர்ந்தார். பெண்கள் பாடசாலைகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பிப்பதற்கான பரீட்சையில் 1900இல் சித்தியடைந்தார். கௌரவமான ஒரு தொழில் கைக்கு எட்டியிருந்தது. அவரோ அதை விட்டுவிட்டு, கணிதம் படிக்கவென்று பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே பெண்கள் மாணவராகப் பதிவுசெய்ய முடியாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால் கல்வி ஒழுங்கே குலைந்துவிடும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அப்பல்கலைக்கழக மூதவை அறிவித்திருந்தது. எனவே ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று வகுப்பில் அமர்ந்தார். 986 மாணவர்களுக்கு நடுவே பெண்கள் இருவர் மட்டுமே. 1903இல் விதி மாறியது. 1907இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நம் வீடுகளில் கலாநிதிப் பட்டம் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். எமிக்கு அதற்கு மேல் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் ஏர்லாங்கனில் பதவியும் இன்றிச் சம்பளமும் இன்றி ஆய்வு செய்தார். தந்தைக்குச் சுகமில்லாத நாட்களில் அவருடைய விரிவுரைகளையும் நடத்தினார்.

1915இல் டேவிட் ஹில்பேட், பீலிக்ஸ் கிளைன் என்னும் இரு பெரும் கணித மேதைகள் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையில் அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதைத் தீர்க்க எமியின் அறிவு தேவைப்பட்டது. ஆனால் ஜேர்மனியில் விரிவுரையாளராவதற்குக் கலாநிதிப் பட்டம் மட்டும் போதாது. விரிவுரை நிகழ்த்தும் உரிமையைப் பீடத்திடமிருந்து வேறாகப் பெறவேண்டும். அதே பீடத்தைச் சேர்ந்த மொழி, வரலாற்றுப் பேராசிரியர்கள் இதற்குத் தடையாக நின்றார்கள். இன்று உரிமை கொடுத்தால் நாளை அவர் பேராசிரியராகி மூதவையிலும் வந்து அமர்வாரே என்பது அவர்களின் அச்சம். போர்க்களத்திலிருந்து திரும்பும் இளைஞர்கள் ஒரு பெண்ணிடமா பாடம் கேட்பது என்றும் கேட்டார்கள்.

கடைசியில் ஒரு குறுக்குவழி கண்டார்கள். அறிவித்தலில் விரிவுரையாளர் என்று ஹில்பேட்டின் பெயர் இருக்கும். உதவி செய்பவர் என்று எமியின் பெயர் இருக்கும். வகுப்பில் நின்று கற்பித்தவர் எமி. சம்பளம் ஒரு சதமும் இல்லை.

அந்த ஆண்டுகளில்தான், 1918இல், அவர் தமது புகழ்பெற்ற தேற்றத்தை நிறுவினார். உயர்தரப் பௌதிகவியலில் சக்திக் காப்பு, உந்தக் காப்பு என்று படிக்கிறோமே, அவை ஏன் உண்மையாகின்றன என்பதற்கான விடை அது. இயற்கையின் விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருப்பதால் சக்தி காக்கப்படுகிறது. இங்கும் அங்கும் ஒன்றாகவே இருப்பதால் உந்தம் காக்கப்படுகிறது. எந்தத் திசைக்குத் திருப்பினாலும் மாறாதிருப்பதால் கோண உந்தம் காக்கப்படுகிறது. விஞ்ஞானக் கழகத்தில் எமி உறுப்பினர் அல்லர். ஆகவே இந்தக் கட்டுரையைச் சமர்ப்பித்தவர் கிளைன்.

இப்படி உழைத்ததைத் தியாகம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. தியாகம் என்பது ஒருவர் தாமே விரும்பிக் கொடுப்பது. இங்கே ஒரு பல்கலைக்கழகம் உழைப்பை எடுத்துக்கொண்டு கூலியைக் கொடுக்காமல் விட்டது. வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்த நாம் இதற்கு வேறு பெயர்தான் வைக்கவேண்டும்.

போர் முடிந்து ஆட்சி மாறியபின், 1919இல் விரிவுரை உரிமை கிடைத்தது. 1922இல் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. மறு ஆண்டு, அட்சரகணிதம் கற்பிப்பதற்கென ஒரு சிறு கொடுப்பனவு கிடைத்தபோது அவருக்கு வயது 41.

விரிவுரையாளர் என்ற வகையில் அவர் எளிமையானவர் அல்லர். வேகமாகப் பேசுவார், ஆயத்தம் செய்ததை ஒப்புவிக்காமல் மாணவர் முன்னிலையிலேயே யோசிப்பார். புதிதாக வந்த பலர் ஓடிவிடுவார்கள். நின்றவர்கள் அவரை விட்டு அகலவில்லை. விடுமுறை நாளில் கட்டடம் பூட்டியிருந்தால், காட்டுப் பாதையில் நடந்துகொண்டே பாடம் நடத்துவார். தமது எண்ணங்களைத் தாராளமாக மாணவர்களுக்குக் கொடுத்தார். அவரிடம் படித்த வான் டெர் வேர்டன் எழுதிய அட்சரகணித நூல் உலகெங்கும் பாடநூலானது. அதன் சிந்தனையில் பெரும்பங்கு எமியுடையது. 1932இல் சூரிச்சில் நடந்த சர்வதேசக் கணித மாநாட்டில் பொதுப் பேருரை நிகழ்த்திய முதற் பெண்ணும் அவரே.

அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்பதால் எமி பணிநீக்கம் செய்யப்பட்டார். மாணவர்களை வீட்டுக்கு அழைத்துப் பாடம் நடத்தினார். அவர்களில் ஒருவர் நாஸிப் படையின் சீருடையுடன் வந்தார், அவருக்கும் கற்பித்தார். அவருடைய தம்பி பிரிட்ஸ் சோவியத் ரஷ்யாவுக்குப் போனார். எமி அமெரிக்காவுக்குப் போனார்.

அவரை ஏற்றுக்கொண்டது பிறின் மோர் என்ற பெண்கள் கல்லூரி. ஒரு காலத்தில் பெண் என்பதற்காகவே வாசலில் நிறுத்தப்பட்டவரைச் சுற்றி இப்போது மாணவிகள் அமர்ந்திருந்தார்கள். அது ஒன்றரை ஆண்டே நீடித்தது. 1935 ஏப்ரல் 14ஆம் திகதி, ஒரு சத்திரசிகிச்சையை அடுத்து, 53ஆவது வயதில் காலமானார். அங்கு அவரிடம் ஆய்வு செய்த ரூத் ஸ்டோபர் என்ற மாணவி அதே ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். எமியின் அஸ்தி அக்கல்லூரி நூலகத்தின் நடைபாதையின் கீழ் புதைக்கப்பட்டிருக்கிறது.